துறைகள் கூடும் குழு வேலை: கலை, வடிவமைப்பு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அனிமேஷன் நன்றாக இருக்கும். இசையும் நன்றாக இருக்கும். துணி வேலையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மூன்றையும் ஓர் அறையில் வைத்து விளக்கை அணைத்துப் பார்த்தால் மட்டும் ஏதோ ஒன்று கழன்று தொங்கும். பல துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் வேலைகள் சறுக்கும் விதம் பெரும்பாலும் இதுதான். ஒருவர் முடித்ததை இன்னொருவர் கையில் வாங்கும் இடத்தில்தான் கோளாறு பிறக்கிறது. அந்த இடத்தை இங்கே ‘மூட்டு’ என்று அழைப்போம். தன் துறை வேலையை எப்படிச் செய்வது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க மூட்டுகளைப் பற்றியது.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், எட்டு வாரம். இருட்டறையில் ஒரு துணித் திரை. அதில் கையால் வரைந்த அனிமேஷன் ஓடுகிறது. பார்வையாளர் அருகே வந்தால் படமும் ஒலியும் மாறுகின்றன. திரையின் சட்டத்தைச் சுற்றி எல்இடி விளக்கு. அறை வாசலில் ஒரு பெரிய சுவரொட்டி. குழுவில் ஆளுக்கொரு துறை: அனிமேஷன், ஒலி, டெக்ஸ்டைல், புராடக்ட் டிசைன், கிராஃபிக் டிசைன். சென்சாரும் விளக்கும் புராடக்ட் டிசைன்காரர் பொறுப்பு.

எத்தனை பேர், யார் சொல்வது செல்லும்

நான்கு முதல் ஆறு பேர் போதும். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள். எட்டுப் பேரானால் 28. ஆள் கூடினால் கை கூடும் என்று நினைப்போம், கூடுவது பேச்சுதான்.

ஒருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்குங்கள். கலை முடிவுகளை எல்லாம் எடுக்கும் ‘இயக்குநர்’ பதவியை அவருக்குத் தர வேண்டாம். தேதி, பட்டியல், நினைவூட்டல், அறை முன்பதிவு, இவைதான் அவர் வேலை. அந்த வேலைக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் அவருடைய துறைப் பங்கைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் வாரத்தில் அவர் எதையும் ஒருங்கிணைக்க மாட்டார், தன் வேலையை முடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

சண்டை வரும்போது யார் பேச்சு செல்லும்? இதற்கு ஒரு எளிய விதி உண்டு: வாங்குபவர் வடிவத்தைச் சொல்வார், கொடுப்பவர் உள்ளடக்கத்தைச் சொல்வார். ஒலிக்கோப்பு எந்த வகையில், எத்தனை நொடிக்கு வேண்டும் என்பதைப் படத்தோடு சேர்ப்பவர் தீர்மானிப்பார். அதற்குள் என்ன ஒலிக்க வேண்டும் என்பது ஒலிக்காரர் பாடு. துணியின் அளவைப் புரொஜெக்டரை வைப்பவர் சொல்லலாம். எந்த நெசவு என்பதில் அவர் மூக்கை நுழைக்கக் கூடாது. பாதிச் சச்சரவு இந்த ஒரு கோட்டிலேயே அடங்கிவிடும்.

முதல் கூட்டம்: சொற்களைச் சரிபார்த்தல்

முதல் கூட்டத்தில் ஐடியா பேசத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரே சொல்லை யார் யார் எந்தப் பொருளில் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.

‘பேட்டர்ன்’ என்றால் தையல் படித்தவருக்கு வெட்டுவதற்கான காகித அச்சு. கிராஃபிக் படித்தவருக்குத் திரும்பத் திரும்ப வரும் அலங்காரம். ‘மாடல்’ ஒருவருக்கு உடை அணிந்து நிற்கும் ஆள், இன்னொருவருக்கு அட்டையில் செய்த மாதிரி, மூன்றாமவருக்குக் கணினியில் உள்ள முப்பரிமாணக் கோப்பு. ‘டெக்ஸ்சர்’ என்றால் துணிக்காரர் விரலால் தடவிப் பார்ப்பார். அனிமேஷன்காரர் ஒரு படக்கோப்பைத் தேடுவார். இசைக்காரர் எத்தனை குரல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்பார். ‘ஸ்கேல்’ கதையும் அப்படித்தான்.

இவற்றில் ஆபத்தான சொல் ‘ஃபைனல்’. அனிமேஷன்காரர் ஃபைனல் என்று சொன்னால் ‘நான் இனிமேல் தொட மாட்டேன்’ என்று பொருள். ஒலிக்காரருக்கோ, படத்தின் நீளமும் வெட்டுகளும் இனி மாறாது என்று உறுதியான பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. ஆகவே ஒரே ஒரு ‘ஃபைனல்’ தேதி வைத்தால் ஒலிக்காரருக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. இரண்டு தேதி வையுங்கள்: ‘நீளம் பூட்டும் நாள்’, ‘முடிக்கும் நாள்’. இடையே குறைந்தது பத்து நாள்.

அளவுகளையும் அப்போதே பேசிவிடுங்கள். புராடக்ட் டிசைன் மில்லிமீட்டரில் யோசிக்கும், தையல் அங்குலத்தில், திரையில் வேலை செய்பவர் பிக்சலில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; ‘இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்வோம்’ என்று ஒருவர் சுருக்கினால் 94 அங்குலச் சட்டத்தில் கிட்டத்தட்ட 4 செ.மீ. காணாமல் போகும். பொதுத் தாளில் எல்லா அளவும் மி.மீ.-இல் இருக்கட்டும். அவரவர் மேசையில் எதில் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம்.

மணி நேரக் கணக்கு

ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரம் என்று வைத்தால் எட்டு வாரத்தில் 48 மணி. இதில் வாரக் கூட்டத்துக்கு ஒரு மணி போகும். முதல் வாரம் பேச்சிலும் கடைசி வாரம் நிறுவுவதிலும் முடிந்துவிடும். மிஞ்சுவது ஆறு வாரம், வாரம் ஐந்து மணி, ஆக 30 மணி நேரம். இதுதான் உங்கள் கையில் உண்மையில் இருப்பது.

இப்போது அனிமேஷனைப் பாருங்கள். ‘ஆறு நிமிடப் படம்’ என்று முதல் நாள் உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படங்கள். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம். ஆறு நிமிடத்துக்கு 4,320 ஓவியங்கள். ஒன்றுக்கு வெறும் பத்து நிமிடம் என்றாலும் 720 மணி நேரம். இருப்பது 30.

ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள்: 30 மணி நேரத்தில் என்ன வரும்? பத்து நிமிடக் கணக்கில் 180 ஓவியம், 15 நொடி. திருத்தத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால் 144 ஓவியம், 12 நொடி. அதைத் திரும்பத் திரும்ப ஓடும் ஆறு நொடிச் சுழல் இரண்டாகப் பிரியுங்கள். ஆள் தூரத்தில் நிற்கும்போது ஓடுவது ஒன்று, நெருங்கும்போது ஓடுவது இன்னொன்று. ஆறு நிமிடக் கதை போய்விட்டதே என்று வருத்தம் வரலாம். நடந்துகொண்டே பார்க்கும் கண்காட்சியில் ஆறு நிமிடம் ஒரே இடத்தில் நிற்பவர்கள் குறைவு. சுழல்தான் அந்த இடத்துக்குப் பொருத்தம்.

இந்தக் கணக்கை ஐந்து துறைக்கும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் போட்ட பிறகுதான் ஐடியாவை முடிவு செய்ய வேண்டும்.

மூட்டுகள், ஒவ்வொன்றாக

ஒரு பெரிய தாளில் ஐந்து துறைகளையும் வட்டமாக எழுதி, யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு ஒப்படைப்புத் தாள் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். அதில் என்ன பொருள், எந்த வகை, எந்த அளவு, எந்த நாள், வாங்கியவர் எதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார் என்பவை இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் வரும் முக்கிய மூட்டுகள் இவை.

படமும் ஒலியும். முதலில் ஃப்ரேம் வேகத்தை ஒரே எண்ணாகப் பூட்டுங்கள். 24-இல் வரைந்ததைப் பிளேயர் 25-இல் ஓட்டினால் ஆறு நொடிச் சுழல் 5.76 நொடியில் முடிந்துவிடும். ஒரு சுற்றில் யாருக்கும் தெரியாது; பத்தாவது சுற்றில் ஒலி 2.4 நொடி பின்தங்கி நிற்கும்.

அடுத்தது தாள வேகம். எந்த வேகத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 24 ஃப்ரேமில் ஒரு தட்டு 14.4 ஃப்ரேமுக்கு வரும். எந்த ஓவியத்தின் மேலும் சரியாக விழாது. 120 தட்டு என்றால் 12 ஃப்ரேம், 90 என்றால் 16, 80 என்றால் 18. நமக்கு 80 பொருந்துகிறது: ஆறு நொடியில் சரியாக எட்டுத் தட்டு. இந்த ஓர் எண்ணை இரண்டாம் வாரத்தில் முடிவு செய்துவிட்டால் படக்காரரும் ஒலிக்காரரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்காமல் தனித்தனியாக வேலை செய்யலாம். 25 ஃப்ரேம் என்றால் கணக்கு மாறும். அங்கே 100 தட்டுக்கு 15 ஃப்ரேம், 125-க்கு 12.

ஒலிக்கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். 44.1-இல் பதிவானதை மாற்றாமல் 48 என்று ஓட்டினால் வேகம் சுமார் 9 விழுக்காடு கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். சுழலுக்கு எம்பி3 ஆகவே ஆகாது. அந்த வகைக் கோப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். வீடியோ பிளேயர்களும் சுழல் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தடுமாறுவதுண்டு. ஆறு நொடியை நூறு முறை அடுக்கிப் பத்து நிமிடக் கோப்பாக எடுத்தால் அந்தத் தடுமாற்றம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் ஒலி 0.1 முதல் 0.3 நொடிவரை தாமதமாக வருவது வழக்கம். கம்பி இழுங்கள்.

துணியும் புரொஜெக்டரும். இங்கேதான் மிக அதிகமாகக் கணக்குப் பிசகும், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 3 மீட்டர் அகலப் படம் என்று ஆரம்பிக்கிறீர்கள். 16:9 விகிதத்தில் உயரம் 1.69 மீட்டர். துணி பொதுவாக 112 செ.மீ. அல்லது 150 செ.மீ. பன்னாவில் (அகலத்தில்) கிடைக்கும். எதுவும் 169-ஐ எட்டாது, ஆகவே இரண்டு துண்டு ஒட்டித் தைக்க வேண்டும். பின்னாலிருந்து ஒளி வீசினால் அந்தத் தையல் படத்தின் குறுக்கே கருங்கோடாகத் தெரியும். துணிக்காரர் முதல் கூட்டத்தில் பன்னா அளவைச் சொல்லியிருந்தால் படத்தை 2.4 மீட்டருக்குக் குறைத்திருக்கலாம்: உயரம் 1.35 மீட்டர், ஒரே துண்டு. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்கலாம். 150 செ.மீ. 142-க்கு வந்தாலும் மேலும் கீழும் மடித்துத் தைக்கத் தலா 3.5 செ.மீ. மிஞ்சும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

புரொஜெக்டரில் ‘த்ரோ ரேஷியோ’ என்றொரு எண் இருக்கும். தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது அது. 1.5 என்றால் 2.4 மீட்டர் படத்துக்கு 3.6 மீட்டர் தூரம் வேண்டும். பின்னாலிருந்து வீசினால் அந்த 3.6 மீட்டரும் திரைக்குப் பின்னால் வெறுமனே கிடக்க வேண்டிய இடம். அறை அளவைக் கேட்காமல் இதை முடிவு செய்ய முடியாது. 0.5 உள்ள குறுந்தூரப் புரொஜெக்டர் கிடைத்தால் 1.2 மீட்டர் போதும். முன்னாலிருந்து வீசினால் இடம் மிச்சம், ஆனால் நெருங்கி வருபவரின் நிழல் படத்தை மறைக்கும். நெருங்க வைப்பதுதான் நம் வேலை என்பதால் அது ஒத்துவராது. பின்னாலிருந்து வீசும்போது படம் இடவலமாகத் திரும்பித் தெரியும், புரொஜெக்டர் அமைப்பில் அதற்கான தெரிவைப் போடுங்கள். மெல்லிய துணியானால் லென்ஸின் ஒளிப்பொட்டு கண்ணில் குத்தும். புரொஜெக்டரை மேலேயோ கீழேயோ நகர்த்திச் சாய்வாக வீசினால் அது பார்வைக் கோட்டிலிருந்து விலகும்.

இன்னொன்று. கருப்பை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது. ஒளி படாத இடம்தான் கருப்பு. அறையில் வெளிச்சம் இருந்தால் உங்கள் கரும்பின்னணி சாம்பல் நிறம்தான். அனிமேஷன்காரர் தன் கணினித் திரையில் பார்த்து மகிழ்ந்த ஆழ்ந்த இருட்டு அறையில் கிடைக்காது. நிறங்களை அந்தத் துணியில், அந்த அறையில், அந்த வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விளக்கும் மின்சாரமும். சட்டத்தின் சுற்றளவு 7.5 மீட்டர். மீட்டருக்கு 30 எல்இடி உள்ள பட்டை என்றால் 225 எல்இடி. தனித்தனியாக நிறம் மாறும் 5 வோல்ட் வகையில் ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். மொத்தம் 13.5 ஆம்பியர். மடிக்கணினியின் பழைய வகை யுஎஸ்பி முனை தருவது அரை ஆம்பியர். செருகியதும் விளக்கையும் சென்சாரையும் இயக்கும் மின்னணு போர்டு அணைந்து அணைந்து எரிந்தால் காரணம் இதுதான், நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரலில் ஒளியை மூன்றில் ஒரு பங்காகக் கட்டுப்படுத்தினால் 4.5 ஆம்பியரில் முடியும். இருட்டறைக்கு அதுவே தாராளம். 6 ஆம்பியர் மின்வழங்கி போதும். ஆனால் யாராவது ஒளியைக் கூட்டிவிட்டால் தாங்காது என்பதை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நீளப் பட்டையின் கடைசி முனையில் வெள்ளை செம்மஞ்சளாகத் திரிந்தால் வோல்டேஜ் இறங்குகிறது. இரு முனையிலும் நடுவிலும் மின்சாரம் கொடுங்கள். மின்வழங்கியின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் விளக்குகள் தாறுமாறாக மின்னும்.

சென்சாருக்கு எச்சி-எஸ்ஆர்04 போன்ற மீயொலி வகையைப் பலரும் எடுக்கிறார்கள், 2 செ.மீ. முதல் 4 மீட்டர்வரை அளக்கும் என்பார்கள். மென்மையான தடித்த உடை ஒலியை விழுங்கிவிடும் என்பதால் சிலரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. துணிக்காரர் இதைச் சென்சார்காரரிடம் சொல்லக்கூடியவர், யாரும் அவரைக் கேட்பதில்லை. எல்லைக்கு ஒரே எண் வைக்காதீர்கள். 150 செ.மீ.-இல் ஆள் நின்று லேசாக அசைந்தால் படம் மாறி மாறித் துடிக்கும். 150-க்குள் வந்தால் மாறு, 200-ஐத் தாண்டினால் திரும்பு என்று இரண்டு எண் கொடுங்கள். விளக்கோ படமோ நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட்டு அணையக் கூடாது. விட்டு விட்டு மின்னும் ஒளியால் வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள்.

சுவரொட்டி. ஏ1 தாள் 594 × 841 மி.மீ. நாற்புறமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்க விடும் கூடுதல் பகுதி) சேர்த்தால் 600 × 847. ‘படத்திலிருந்து ஒரு ஃப்ரேம் கொடு, போட்டுவிடுகிறேன்’ என்பது கிராஃபிக்காரரின் வழக்கமான கோரிக்கை. 1920 பிக்சல் ஃப்ரேமை அந்த அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும். பக்கத்தில் நின்றால் கோடுகள் பிசிறடிக்கும். தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 150 போதும் என்றாலும் 3,508 பிக்சல் அகலம் தேவை. சுவரொட்டிக்குப் போகும் ஓர் ஓவியத்தை மட்டும் முதலிலேயே அந்த அளவில் வரையச் சொல்லிவிடுங்கள், முடிந்தது வேலை. திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் மங்கிப் போகும். ஒரு சிறு துண்டை அச்சடித்துப் பார்த்த பிறகே நிறத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து. இது நமக்கே உரிய மூட்டு. பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ரோமன் எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எல்லோரும் யூனிகோடு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அப்படியும் சில அனிமேஷன், வீடியோ மென்பொருள்களில் ‘கொ’ உடைந்து கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தால் சரியாகும். மற்றவற்றில் வழியில்லை என்றால் கிராஃபிக்காரர் எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே ஒற்று மிகுமிடம் பார்ப்பதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு கச்சா ஒத்திகை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். இரண்டாம் வார முடிவில், எதுவுமே உருப்படியாக இல்லாதபோது, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். துணிக்குப் பதில் பழைய போர்வை. அனிமேஷனுக்குப் பதில் நான்கு குச்சி ஓவியம். ஒலிக்குக் கைபேசி. சென்சாருக்குப் பதில் ஓர் ஆள் ஒளிந்து நின்று, யாராவது நெருங்கினால் கணினியில் ஒரு விசையைத் தட்டட்டும். ஒரு மணி நேரம் போதும்.

அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு: ஆள் எங்கே நிற்கிறார், நிழல் எங்கே விழுகிறது, படம் மாறியதை அவர் தன்னால் மாறியது என்று உணர்கிறாரா, புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் ஒலியை மூடுகிறதா, பிளக் பாயிண்ட் எத்தனை அடி தள்ளி இருக்கிறது. குழுவில் இல்லாத இருவரை உள்ளே அனுப்பி, ஒன்றும் விளக்காமல் வேடிக்கை பாருங்கள். ஐந்தாம் வாரத்தில் தெரியவந்தால் அழுகை வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மணி நேரத்தில் தலைகாட்டிவிடும்.

இதே ஒத்திகையை நான்காம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் போலிகளில் சில போய் நிஜம் வந்து சேரும். ஆறாம் வாரத்துக்குப் பிறகு புதிய யோசனை எதையும் சேர்க்க வேண்டாம், எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும்.

பிறர் துறையை விமர்சிப்பது

தன் துறைக்குள் விமர்சனம் கேட்டுப் பழகியவர்களுக்கும் வேறு துறைக்காரர் சொல்வது சுருக்கென்று தைக்கும். ‘இந்த மஞ்சள் நல்லாயில்லை’ என்று ஒலிக்காரர் சொன்னால் துணிக்காரருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய நான்கு படி முறை இப்படிப்பட்ட குழுக்களுக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். பிறகு செய்தவர் தனக்குள்ள சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகள் கேட்பார்கள். ‘ஏன் இவ்வளவு இருட்டு’ என்பதில் ஏற்கெனவே குற்றச்சாட்டு இருக்கிறது. ‘வெளிச்ச அளவை எதை வைத்து முடிவு செய்தீர்கள்’ என்பதில் இல்லை. கடைசியாக, செய்தவர் சம்மதித்தால் மட்டும், அபிப்பிராயம். மூன்றாம் படிதான் கடினம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கோப்பு, பணம்

கோப்புப் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டும். இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். சுருக்கி அனுப்பி இன்னொரு கணினியில் விரிக்கும்போது சில சமயம் பெயர் சிதைந்துவிடும். பதிப்பு எண்ணை இரண்டு இலக்கமாக எழுதுங்கள், 07 என்று. ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்ற பெயர்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். எதுவானாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில்.

பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். வாங்குவதில் வரிசை உண்டு: வர நாளாகும் சென்சாரும் மின்வழங்கியும் முதலில், துணி இரண்டாவது, அச்சு கடைசி.

நிறுவும் வாரம்

கனமானதிலிருந்து மெல்லியதற்குப் போங்கள். சட்டம், மின்கம்பி, புரொஜெக்டர், துணி, ஸ்பீக்கர், சென்சார், விளக்கு, படக் கோணம் சரிசெய்தல், ஒலி அளவு. துணி ஏறிய பிறகு கம்பி இழுக்கப் போனால் துணியில் அழுக்குக் கைரேகை விழும். தரையில் ஓடும் கம்பி எல்லாவற்றையும் நீளவாக்கில் முழுக்க டேப்பால் மூடுங்கள். அங்கங்கே ஒரு துண்டு ஒட்டினால் கால் தடுக்கும். துணிக்கும் சூடாகும் கருவிகளுக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள். வெளியேறும் வழியில் திரையின் ஓரம்கூட வரக் கூடாது.

கணினியில் தூக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு, அறிவிப்புகள் மூன்றையும் அணையுங்கள். பிறகு முழுதாக எட்டு மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு மணி நேரத்தில் தெரியாத சூடும் நினைவகக் கசிவும் ஐந்தாம் மணியில் தெரியும். காலையில் எதை எந்த வரிசையில் போடுவது, தொங்கினால் என்ன செய்வது என்று குழுவில் இல்லாத ஒருவர் படித்துச் செய்யும்படி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எல்லாம் செய்தும் திறப்பு நாளில் ஏதாவது நின்றுபோனால் மனம் உடைய வேண்டாம். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் முப்பது பேரும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் பொறியாளர் பில்லி க்ளூவரும் அதன் முன்னணியில் இருந்தவர்கள். கோளாறும் தாமதமும் பற்றி அப்போதே விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். இன்று கலை வரலாறு அந்த இரவுகளை விடாமல் பேசுகிறது.

மதிப்பெண், பெயர், உரிமை

குழு வேலையில் கசப்பு பெரும்பாலும் முடிவில்தான் வரும், அதன் விதை முதல் வாரத்தில் விழுந்திருக்கும். யார் பெயர் எந்தப் பொறுப்போடு போடப்படும், தனித் தொகுப்பில் யார் எதைக் காட்டலாம் என்பதை முதல் வாரத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வாரா வாரம் ஆளுக்கு மூன்று வரி: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், எது தடை. எட்டாம் வாரத்தில் யார் என்ன செய்தார் என்று நினைவிலிருந்து வாதிடுவதைவிட இது மேல். ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வெற்று வரி எழுதினால் ஒருங்கிணைப்பாளர் தனியே பேச வேண்டும். மூன்றாம் வாரம் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அதைக் கோள் சொல்வதாக நினைக்கத் தேவையில்லை.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1919-இல் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள்: வடிவத்துக்கு ஒருவர், கைத்தொழிலுக்கு ஒருவர். பல துறைக் குழுவை ஒரே துறை ஆசிரியர் மட்டும் மதிப்பிட்டால், அவருடைய துறை மாணவரின் பங்கே அவர் கண்ணுக்கு முதலில் படும். இருவர் பாருங்கள், மூட்டுகளுக்கென்று தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். அதற்குச் சான்றாக ஒப்படைப்புத் தாள்களைக் கேட்டு வாங்கலாம்.

வெளியிலிருந்து இசையோ படமோ எடுத்தால் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ என்று இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. பாட்டை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே போடுகிறேன் என்றாலும் தப்பாது. ஓடும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதே அந்த உரிமத்தின்படி மாற்றியமைத்தல்தான்.

பதிவு

அனைத்தையும் கழற்றிய பிறகு கையில் இருக்கப்போவது வீடியோப் பதிவு ஒன்றுதான். அதைத் திறப்பு நாளுக்கு முந்தைய நாள், கூட்டம் இல்லாதபோது எடுங்கள். கேமராவில் வெளிச்சம், வெள்ளைச் சமநிலை இரண்டையும் கையால் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் படம் மாறும்போதெல்லாம் அறை முழுவதும் நிறம் மாறும். ஷட்டரை 1/50 அல்லது 1/60-இல் வைத்துப் பாருங்கள். அதைவிட வேகமானால் புரொஜெக்டர் படத்தில் வண்ணப் பட்டைகள் ஓடும். முழு அறை தெரியும் ஒரு நீள ஷாட், ஆள் நெருங்கிப் படம் மாறும் தருணம் இரண்டு கோணத்தில், துணியின் நெசவு தெரியும் அண்மைக் காட்சி, பின்புறக் கம்பிகளின் காட்சி. ஒலியைக் கேமராவின் மைக்கில் நம்பி விடாமல் மூலக்கோப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே தொகுப்பைக் கொடுக்க வேண்டாம், வெட்டாத மூலத்தைக் கொடுங்கள். துணிக்காரருக்குத் தேவைப்படும் பத்து நொடியும் ஒலிக்காரருக்குத் தேவைப்படும் பத்து நொடியும் வேறு வேறு.